நீருள் முகங்கண்ட கலைஞர் ழான் விகோ

ஒருவர் தம் வாழ்நாள் முழுதும் முயன்று செய்த தொழிலனைத்தையும் மற்றொருவர் ஒரே மாலைப் பொழுதில் இருந்த இடம்விட்டு எழாமலே கண்டு முடித்துவிடக் கூடுமாயின், அத்தொழிலை உலகம் சிறிதென்றே மதிக்கும். பிரான்ஸ் தேசத்துச் சலனப்படக் கலைஞராகிய ழான் விகோ என்பார் செய்தளித்த படங்கள் நான்கே. அந்நான்கினையும் ஒருங்கு சேர்த்து ஓட்டினாலும் மூன்று மணி நேரம் நிரம்பாது. அவற்றுள்ளும் ஒன்று அரசாங்கத்தாரால் தடுக்கப்பட்டது. மற்றொன்று வியாபாரிகளால் வெட்டிச் சிதைக்கப்பட்டது. அவரோ தம் இருபத்தொன்பதாம் வயதிலேயே இவ்வுலக வாழ்வை நீத்தார். இங்ஙனமிருந்தும், சலனப்படக் கலையின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் எவரும் அவர் பெயரைக் கூறாது செல்லுதல் இயலாது. அஃது எங்ஙனம் வாய்த்தது என்பதனையும், நீர்மேல் வாழும் இளந்தம்பதிகளைப் பற்றி அவர் தம் மரணப் படுக்கையின் வாயிலில் நின்று இயற்றிய இறுதிப் படத்தின் கதியையும் நம் கல்லூரி அன்பர்களுக்கு ஒருவாறு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

விகோ 1905-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 26-ஆம் நாள் பாரிஸ் மாநகரில் பிறந்தார். இவர் தந்தையார் மிகேல் அல்மெரெய்டா என்னும் புனைபெயரால் அறியப்பட்டவர், அரசு என்பதே வேண்டா என்னும் கொள்கையினர், பத்திரிகைகள் நடத்தியவர், அதன் பயனாகப் பன்முறை சிறைவாசம் எய்தியவர். எனவே குழந்தைப் பருவத்திலேயே விகோ கண்டவை அச்சுக்கூடங்களும், இரவு முழுதும் நீளும் வாதங்களும், தந்தையாரைத் தேடிவரும் அதிகாரிகளுமேயாம். முதலாம் உலக யுத்தம் நிகழ்ந்த காலத்தில் அல்மெரெய்டா நடத்திவந்த பத்திரிகை ஜெர்மானியரிடமிருந்து பொருள் பெற்றது என்னும் குற்றச்சாட்டு எழுந்தது. 1917-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவர் சிறைப்படுத்தப்பட்டார். சின்னாட்களில் பிரேன் என்னுமிடத்துச் சிறைச்சாலையில், காலணிக் கயிறு கழுத்தை இறுக்கிய நிலையில் பிணமாகக் காணப்பட்டார். தாமே உயிர் மாய்த்துக்கொண்டார் என்றனர் சிலர். பிறரால் கொல்லப்பட்டார் என்றனர் பலர். உண்மை இன்றுவரை துலங்கவில்லை.

அப்பொழுது விகோவுக்கு வயது பன்னிரண்டு. தேசத்துரோகியின் மகன் என்னும் பழிச்சொல் அவரைப் பின்தொடர்ந்தது. தெற்குப் பிரான்ஸில் மோன்பெலியே நகரில் புகைப்படத் தொழில் நடத்திவந்த உறவினர் ஒருவர் அவரை ஆதரித்தார். படம் பிடிக்கும் தொழிலின் முதற்பாடங்களை விகோ அவரிடமே கற்றனர் என்ப. எனினும் சொந்தப் பெயருடன் பள்ளியிற் சேர்க்க அஞ்சி, ழான் சால் என்னும் வேறு பெயரிட்டு மியோ என்னும் ஊரின் உண்டுறைப் பள்ளியில் அவரைச் சேர்ப்பித்தனர். தன் பெயரைத் தானே வெளியிற் சொல்லலாகாது என்னும் கட்டளையுடன் ஒரு சிறுவன் நான்கு ஆண்டுகள் பிற பிள்ளைகளுக்கிடையே உண்டு, உறங்கி, படித்து வாழ்ந்தான் என்பதை நம் மாணவ நண்பர்கள் சற்றே எண்ணிப் பார்ப்பார்களாக. விடுதியின் நீண்ட படுக்கையறைகளும், மணியோசையும், தண்டனைகளும், ஞாயிறு தோறும் யாரும் காண வாராத தனிமையும் அவருள்ளத்தில் ஆழப் பதிந்தன. அவை வீண்போகவில்லை என்பது பின்னர்ப் புலனாகும்.

பள்ளிப் படிப்பு முடிந்தபின், தந்தையாரின் கறையைத் துடைத்தல் வேண்டும் என்னும் அவா அவரை விட்டகலவில்லை. தந்தையாரின் பழைய நண்பர்களைத் தேடிக் கண்டார். கடிதங்களையும் பத்திரிகைத் துணுக்குகளையும் தொகுத்தார். ஆனால் உடல் அவருக்குத் துணைசெய்ய மறுத்தது. க்ஷயரோகம் பற்றிக்கொண்டமையால், பிரினீஸ் மலைச்சாரலில் உள்ள போன்-ரொமே என்னும் ஆரோக்கிய ஸ்தலத்திற்கு அவர் அனுப்பப்பட்டார். அங்கே மலைக்காற்றையும் வெயிலையும் மருந்தாகக் கொண்டு, மாதக்கணக்கில் சாய்வு நாற்காலியிற் கிடந்து, தமக்குள் தாமே பேசிக்கொள்ளும் வாழ்வு அவருக்கு வாய்த்தது. சலனப்படமே தம் தொழில் என்னும் உறுதி அக்காலத்தில் அவருள்ளத்தில் வேரூன்றிற்று.

அதே இடத்தில் மற்றொரு பேறும் அவருக்குக் கிட்டியது. போலந்து தேசத்து லோட்ஸ் நகரத்தின் ஆலை முதலாளி ஒருவருடைய மகளாகிய எலிசபெத் லோஸின்ஸ்கா என்னும் நங்கையும் நோய் காரணமாக அங்கு வந்திருந்தார். நண்பர்கள் அவரை லிடு என்று அழைத்தனர். இருவரும் 1928-ஆம் ஆண்டிற் சந்தித்தனர். 1929-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் மணம் புரிந்துகொண்டனர். மணமக்கள் இருவரும் நோயாளிகள். மணமகனுக்கு நிலையான வருவாயில்லை. சுமந்து வந்ததோ பழிபட்ட பெயர். மணமகளோ சொந்தத் தேசத்தையும் செல்வ வாழ்வையும் விட்டு வந்தவர். உலகியலறிந்தோர் எவரும் இவ்விவாகத்தை நன்றென்று சொல்லியிரார். ஆயினும் இவ்விருவரும் ஒருவர்க்கொருவர் ஊன்றுகோலாய் நின்ற வாழ்வு, எஞ்சியிருந்த ஐந்தரை ஆண்டுகளிலும் ஒருநாளும் தளர்ந்ததில்லை.

நோய்க்கு இதமான தட்பவெப்பத்தைக் கருதி இருவரும் மத்தியதரைக் கடலோரத்து நீஸ் நகரிற் குடியேறினர். மாமனார் மகளுக்கெனத் தந்த பொருளிலிருந்து விகோ பழைய படப்பெட்டி ஒன்றை வாங்கினார். குடும்பத்துக்கு வீடும் தட்டுமுட்டும் வாங்க வேண்டிய பணத்தில் கணவர் படப்பெட்டி வாங்கியதற்கு லிடு தடை சொன்னதாக யாரும் எழுதவில்லை. இதனிடையே, போரிஸ் காவ்மன் என்னும் இளைஞர் விகோவுக்கு நண்பரானார். இவர் ருஷ்யப் பேரரசின் கீழிருந்த பியாலிஸ்டாக் நகரிற் பிறந்தவர். ருஷ்யாவில் புகழ்பெற்றிருந்த ஸீகா வெர்ட்டாவ் என்னும் சலனப்பட அறிஞரின் தம்பி. விகோவின் நான்கு படங்களிலும் படப்பெட்டியின் பின் நின்ற கண்கள் இவருடையவையே.

இருவரும் சேர்ந்து முதலில் எடுத்த படம் நீஸ் நகரத்தைப் பற்றியது. 1930-ஆம் ஆண்டு பாரிஸில் திரையிடப்பட்ட இப்படம் ஏறக்குறைய 25 நிமிஷம் ஓடும் பேசாப் படம். நீஸ் நகரம் செல்வர்கள் குளிர்காலத்தைக் கழிக்க வரும் விளையாட்டு நகரம். கடற்கரை நெடுஞ்சாலையில் வெயில் காய்ந்துகொண்டு சோம்பியிருக்கும் சீமான்களையும் சீமாட்டிகளையும் அவரறியாமலே படம் பிடிக்க வேண்டி, காவ்மனை நோயாளிபோல் சக்கர நாற்காலியில் இருத்தி, படப்பெட்டியைப் போர்வைக்குள் மறைத்து, விகோ தள்ளிக்கொண்டு சென்றனராம். ஒரு புறம் இச்செல்வர் கூட்டம். மறுபுறம் துணி வெளுப்போரும், குறுகிய சந்துகளிற் சாக்கடையருகே விளையாடும் குழந்தைகளுமாகிய ஏழையர் கூட்டம். இரண்டினையும் அருகருகே வைத்துக் காட்டியதன்றி, விகோ ஒரு சொல்லும் உபதேசமாகக் கூறினாரில்லை. காண்பவர் உள்ளம் தானே தீர்ப்புக் கூறும் என்பது அவர் துணிபு.

அடுத்த படம் 1931-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ழான் தாரி என்னும் நீச்சல் வீரரின் நீச்சல் முறைகளைக் காட்டுமாறு கோமோன் கம்பெனியார் இவரை ஏவினர். பத்து நிமிஷப் படம். பிறர் ஏவிய வேலை. எனினும் நீந்துவோர் குளத்தின் பக்கச் சுவரிலிருந்த கண்ணாடிச் சாளரத்தின் வழியே நீருக்கடியில் படம் பிடிக்கும் வாய்ப்பு விகோவுக்குக் கிட்டியது. நீருக்குள் மனித உடல் கனமிழந்து, மயிர் மிதக்க, மூச்சுக் குமிழிகள் முத்துப்போல் மேலெழக் கண்ட அக்காட்சி அவரைக் கவர்ந்துகொண்டது. நிலத்தின்மேல் காணும் முகம் வேறு, நீருள் காணும் முகம் வேறு என்பதை அவர் கண்டார். சிறு வேலையென்று தள்ளாது செய்த அதிலிருந்தே அவர் இறுதிப் படத்தின் உயிர்நாடியான காட்சி பிறந்தது. அவ்வாண்டிலேயே இத்தம்பதிகளுக்கு ஒரு பெண் மகவும் பிறந்தது.

இதன்பின் ழாக்-லூயி நூனே என்னும் வணிகர் ஒருவரின் நட்பு விகோவுக்குக் கிடைத்தது. படத் தொழிலில் முதலீடு செய்ய விழைந்த நூனே, இளைஞரான விகோவின் திறமையில் நம்பிக்கை கொண்டு பொருளுதவினார். அதன் பயனாக எழுந்தது 'நடத்தைக்குப் பூஜ்யம்' என்னும் பொருள்படும் பெயருடைய படம். 1932-ஆம் ஆண்டின் இறுதியிலும் 1933-ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் எடுக்கப்பட்ட இது முக்கால் மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவானது. உண்டுறைப் பள்ளியொன்றிலே பிள்ளைகள் நால்வர் கொடிய ஒழுங்குமுறைகளை எதிர்த்துக் கலகம் விளைத்தலே கதை. மியோ நகரத்துப் படுக்கையறைகள் இங்கே உயிர்பெற்று எழுந்தன. நள்ளிரவில் தலையணைகள் கிழிந்து, இறகுகள் பனிபோல் பொழிய, பிள்ளைகள் மெதுவோட்டத்தில் ஊர்வலம் செல்லும் காட்சியைக் கண்டவர் மறவார். மாரிஸ் ழொபேர் என்னும் இசைப்புலவர் அக்காட்சிக்குரிய இசையை முன்பின்னாக மாற்றி ஒலிக்கச் செய்து, கனவினைக் காதாலும் கேட்குமாறு செய்தார்.

பள்ளி நிருவாகத்தை இங்ஙனம் நகையாடியது தணிக்கை அதிகாரிகளுக்குப் பொறுக்கவில்லை. 1933-ஆம் ஆண்டிலேயே படம் தடுக்கப்பட்டது. அத்தடை நீங்கியது 1945-ஆம் ஆண்டில். அப்பொழுது விகோ இறந்து பதினோராண்டுகள் கழிந்திருந்தன. கல்வி நிலையத்தின் பத்திரிகையில் இப்படத்தைப் பற்றி எழுதும் நமக்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பே. மாணவர்க்குக் கட்டுப்பாடின்மையைக் கற்பிப்பதோ இது? அன்று என்பதே நம் கருத்து. அப்படத்தில் பிள்ளைகளிடம் அன்பு பாராட்டி, அவரோடு விளையாடும் இளம் உபாத்தியாயர் ஒருவரும் வருகின்றார். அவரைப் பிள்ளைகள் எதிர்க்கவில்லை. அன்பில்லாத ஒழுங்கே எதிர்க்கப்பட்டது. அன்புள்ள ஆசிரியன் எதிர்க்கப்படவில்லை. இவ்வேற்றுமையை அதிகாரிகள் கண்டிலர். ஆசிரியத் தொழிலை மேற்கொள்ளவிருக்கும் நம் மாணவர்கள் காண்பார்களாக.

தடையினால் நூனேக்கு நேர்ந்த நஷ்டம் பெரிது. வேறொருவராயின் இளைஞரைக் கைவிட்டிருப்பர். நூனே அவ்வாறு செய்யாது, மீண்டும் ஒருமுறை பொருளிட முன்வந்தார். ஆனால் இம்முறை அதிகாரிகள் ஐயுறுதற்கு இடமில்லாத எளிய கதையாக இருத்தல் வேண்டும் என்று, ஆறுகளிலும் கால்வாய்களிலும் சரக்கேற்றிச் செல்லும் படகு ஒன்றில் வாழும் புதுத்தம்பதிகளின் கதையை அவரிடம் தந்தார். கதை மிகச் சாதாரணமானது. விகோ முதலில் அதனைக் கண்டு சோர்வுற்றார் எனினும், ஆல்பேர் ரீரா என்னும் நண்பருடன் சேர்ந்து அதனைத் தம் மனம்போல் திருத்தி அமைத்தார். படகின் பெயரே படத்தின் பெயராயிற்று: லத்தலாந்து. பண்டைக் கிரேக்கர் கதைகளில் ஓட்டத்தில் வெல்லற்கரிய கன்னியின் பெயர் அது.

அக்கதையைச் சுருங்கக் கூறுவோம். ஜூலியெத் என்பவள் சிற்றூர்ப் பெண். படகுத் தலைவனாகிய ழான் என்பவனை மணந்து, கோயிலிலிருந்து மணக்கோலத்துடனேயே கால்வாய்க் கரைக்கு நடந்து வந்து, படகேறுகின்றாள். உற்றாரும் ஊராரும் கரையில் நின்று வாளா பார்க்கப் படகு நகர்கின்றது. படகிலிருப்போர் இன்னும் இருவர்: ஜூல் என்னும் கிழ மாலுமியும், சிறுவன் ஒருவனும், மற்றும் எண்ணற்ற பூனைகள். ஜூல் உலகெல்லாம் கப்பலிற் சுற்றியவன். உடம்பெல்லாம் பச்சை குத்தியவன். தன் சிற்றறையில் பல தேசத்துப் பொம்மைகளும், விசிறியும், இன்னும் விந்தையான பொருள்களும் நிரப்பி வைத்திருப்பவன். முரடன் போலத் தோன்றும் அவனுள்ளே குழந்தையுள்ளம் ஒளிந்திருப்பதை மிஷெல் சிமோன் என்னும் நடிகர் காட்டிய திறம் வியக்கத்தக்கது. மணமகளாக ஜெர்மானிய நடிகையாகிய டிட்டா பார்லோவும், மணமகனாக ழான் தாஸ்தேயும் நடித்தனர். முன்னைய படத்தில் அன்புள்ள உபாத்தியாயராக வந்தவர் இந்த ழான் தாஸ்தேயே.

நீருக்குள் கண் திறந்து நோக்கினால் தன் அன்புக்குரியார் முகம் தோன்றும் என்பது ஜூலியெத்தின் நம்பிக்கை. மணமாகுமுன்னரே அவ்வாறு அவனைத் தான் கண்டதாக அவள் கூற, அவன் நகைத்து, வாளியிலும் ஆற்றிலும் தலையை அமிழ்த்திப் பார்த்து விளையாடுகின்றான், ஒன்றும் காணவில்லை. விளையாட்டாக எழுந்த இச்செய்தியே கதையின் கருவாகும். நாள்கள் செல்லச் செல்லப் படகின் ஒடுங்கிய வாழ்வு அவளுக்குச் சலிப்பைத் தருகின்றது. பாரிஸ் மாநகரைக் காண விழைகின்றாள். கணவனோ பொறாமையும் முன்கோபமும் உடையவன். அவளை வெளியே அழைத்துச் செல்வதாகச் சொல்லித் தவறுகின்றான். ஊர் சுற்றும் வியாபாரி ஒருவன் நகரத்தின் பளபளப்பைச் சொல்லி அவள் ஆசையைக் கிளறிவிடுகின்றான். அவள் ஒருநாள் தனியே நகரம் காணச் செல்ல, ழான் சினங்கொண்டு அவளை விட்டுவிட்டுப் படகைச் செலுத்திவிடுகின்றான். திரும்பி வந்து படகைக் காணாத அவள், கைப்பையையும் கள்வனிடம் பறிகொடுத்து, குளிரில் வேலைதேடி அலைகின்றாள்.

சினத்தாற் பிரிந்தவன் துயரத்தால் நலிகின்றான். உண்ணான், உறங்கான், கடமையையும் மறக்கின்றான். ஒருநாள், அவள் சொன்ன சொல்லை நினைந்து, ஆற்றுள் குதிக்கின்றான். முன்பு விளையாட்டாகத் தேடியபோது தோன்றாத முகம், இழந்தபின் தேடியபோது தோன்றுகின்றது. மண ஆடையுடன் ஜூலியெத் நீருள் மிதந்து புன்னகை புரிகின்றாள். நீச்சல் வீரரைப் படம்பிடித்த நாளில் விகோ கற்ற வித்தை இங்கே கவியாயிற்று. பின்னர்ப் படகு ல ஹாவ்ர் துறைமுகத்தை அடைகின்றது. அங்கே ஆறு முடிந்து கடல் தொடங்குகின்றது. ழான் பரந்த மணல்வெளியிற் கடலை நோக்கித் தன்னந்தனியனாய் ஓடுகின்றான். கரையுள்ள ஆற்றில் வாழ்ந்தவனுக்குக் கரை காணாத கடல் அவன் துயரத்தின் அளவாகவே தோன்றுகின்றது. ஒரு சொல்லும் பேசப்படாத அக்காட்சிக்கு இணையான காட்சிகள் சிலவே.

முடிவில் கிழவன் ஜூல் அவளைத் தேடி நகரம் புகுகின்றான். காசு போட்டால் பாட்டுக் கேட்கும் கடையொன்றில், படகோட்டிகளின் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்த அவளைக் கண்டு, மறுமொழிக்கும் இடந்தராது தோள்மேல் தூக்கிக்கொண்டு வந்து படகிற் சேர்ப்பிக்கின்றான். தம்பதிகள் ஒருவரையொருவர் கண்டு முதலில் நாணி நின்று, பின் தழுவிக்கொள்கின்றனர். வானிலிருந்து நோக்கினாற்போலப் படகு ஒளிவீசும் நீரைக் கிழித்துச் செல்வதோடு படம் முடிகின்றது. மன்னிப்புக் கேட்டலோ, நீதி கூறலோ இல்லை. பிரிவினால் தம் குற்றத்தை உணர்ந்தார்க்கு வேறு சொல் வேண்டா எனக் கலைஞர் கருதினர் போலும்.

இனி, இப்படம் எடுக்கப்பட்ட நிலையைக் கூறவேண்டும். 1933-ஆம் ஆண்டு நவம்பரில் தொடங்கி, அடுத்த ஆண்டின் தொடக்கம் வரை, கடுங்குளிரில் வேலை நடந்தது. மழையும் மூடுபனியும் மாறிமாறி வந்தன. பின்னர்க் கால்வாய்களில் நீர் உறைந்து பனிக்கட்டியாயிற்று. வானம் தெளிவதற்குக் காத்திருக்கப் பணமில்லை. விகோ மூடுபனியை மூடுபனியாகவே படம்பிடித்தார். பகலொளி போதாதபோது இரவைக் காட்சியாக்கினார். க்ஷயத்தால் நலிந்த உடலுக்கு ஈரக்காற்று விஷம் போன்றது என்பதை அவர் அறியாதவரல்லர். காய்ச்சலுடனேயே படகின் மேல்தளத்தில் நின்று வேலை செய்தார். ஓய்வு கொள்ளுமாறு நண்பர் வேண்டியும் கேளார். வேலை முடியுந் தறுவாயில் படுக்கையில் வீழ்ந்தார். எஞ்சியிருந்த ஒருசில காட்சிகளை நண்பர் காவ்மன் எடுத்து முடித்தார். லூயி ஷவான்ஸ் என்பவர் படத்துண்டுகளை இணைத்து உருவாக்கினார்.

1934-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் படம் வியாபாரிகளுக்குக் காட்டப்பட்டது. அவர்கள் அதனை விரும்பவில்லை. கதையில் விறுவிறுப்பில்லை என்றும், விலைபோகாது என்றும் கருதிய கம்பெனியார் அதனைத் திருத்தத் துணிந்தனர். பல காட்சிகள் வெட்டப்பட்டன. ழொபேர் இயற்றிய இசையின் பல பகுதிகள் நீக்கப்பட்டு, அக்காலத்தில் பாரிஸ் தெருக்களிலெல்லாம் ஒலித்த மெல்லிசைப் பாட்டு ஒன்று இடையிடையே திணிக்கப்பட்டது. படத்தின் பெயரும் அப்பாட்டின் பெயராக, 'கடந்து செல்லும் படகு' என்னும் பொருள்பட மாற்றப்பட்டது. கம்பெனியார் கொடியவர் என்று சொல்லி முடித்துவிடுதல் எளிது. போட்ட முதலை மீட்க முயலும் வியாபாரி தன் வழக்கப்படி நடந்தான் என்பதும் உண்மையே. ஆனால் தன் பொருளல்லாத ஒன்றைத் தன் பொருளென்று நினைப்பதில்தான் பிழை நேர்கின்றது. படச்சுருள் அவர்களுடையது, அதிலிருந்த உயிர் அவர்களுடையதன்று.

விகோவால் வாதாடவும் இயலவில்லை. நாளுக்கு நாள் நலிந்து கட்டிலிற் கிடந்த அவர், தம் இறுதிப் படைப்பு வெட்டப்படுவதை அறிந்தும் வாளா இருக்க நேர்ந்தது. அவரருகே இரவும் பகலும் இருந்தவர் லிடு. தாமும் நோயாளி என்பதை மறந்து, மூன்று வயதுக் குழந்தையையும் பேணிக்கொண்டு, கணவருக்குப் பணிவிடை செய்தார். செப்டம்பர் மாதத்தில் சிதைந்த உருவில் படம் வெளிவந்தது, ஜனங்கள் ஆதரிக்கவில்லை. வெட்டி ஒட்டியதனாலும் வியாபாரிகள் விரும்பிய லாபம் கிட்டவில்லை. சில வாரங்களில் அது நிறுத்தப்பட்டது. 1934-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 5-ஆம் நாள் விகோ உயிர் நீத்தார். தந்தையாரின் பெயர் துடைக்கப்படவில்லை. தம் பெயரும் நிலைக்கும் என்பதற்கு ஓர் அறிகுறியுமில்லை. லிடு மேலும் ஐந்தாண்டுகளே வாழ்ந்தார். 1939-ஆம் ஆண்டில் அவரும் கணவரைப் பின்தொடர்ந்தார்.

இத்துடன் சரிதம் முடிந்திருப்பின், இஃது ஓர் இரங்கற் கதையாக மட்டுமே நிற்கும். ஆனால் முடியவில்லை. யுத்தம் ஓய்ந்தபின், தடை நீங்கிய பள்ளிப் படத்தையும், சிதைவுகளுக்கிடையே எஞ்சிய படகுப் படத்தையும் பிரான்ஸ் தேசத்து இளைஞர்கள் கண்டு வியந்தனர். பின்னாளில் பெரும்புகழ் பெற்ற பிரான்ஸ்வா த்ரூஃபோ முதலிய டைரக்டர்கள் விகோவைத் தம் முன்னோடியாகப் போற்றினர். 1951-ஆம் ஆண்டில், சுதந்திர மனப்பான்மை கொண்ட இளம் படக்கலைஞருக்கென விகோவின் பெயரால் பரிசு ஒன்று நிறுவப்பட்டது. அவர் நண்பரும் எழுத்தாளருமாகிய க்ளோட் அவெலின் இதற்குக் காரணராயினார். காவ்மன் அமெரிக்கா சென்று, 1954-ஆம் ஆண்டில் வெளிவந்த துறைமுகத் தொழிலாளர் பற்றிய படமொன்றுக்காக ஆஸ்கர் பரிசு பெற்றார். மூடுபனியிலும் குளிரிலும் நீர்த்துறைகளைப் படம் பிடிக்க அவர் கற்றது லத்தலாந்தின் மேல்தளத்திலேயன்றோ? ழொபேர் மட்டும் 1940-ஆம் ஆண்டு யுத்தகளத்தில் மாண்டார்.

வெட்டப்பட்ட படத்தின் கதி என்னாயிற்று எனின், அன்பர் பலர் பல காலங்களில் அதனை ஒருவாறு செப்பனிட முயன்றனர். வியாபாரிகள் கைவைப்பதற்கு முந்தைய உருவை ஒத்த பிரதியொன்று இங்கிலாந்தின் படக்காப்பகத்தில் இருந்தது பிற்காலத்தில் தெரியவந்தது. அதனையும் பிற துண்டுகளையும் ஒப்பிட்டுச் சேர்த்து, 1990-ஆம் ஆண்டில் படம் ஏறக்குறைய முதல் உருவிற் புதுப்பிக்கப்பட்டது. அன்று வெட்டிய அதே கோமோன் கம்பெனியே இப்புதுப்பித்தலைச் செய்வித்தது என்பது காலத்தின் விளையாட்டு. 1992-ஆம் ஆண்டில் இங்கிலாந்துப் பத்திரிகையொன்று உலகின் விமரிசகர்களைக் கொண்டு தலைசிறந்த படங்களை வரிசைப்படுத்தியபோது, ஆறாமிடத்தைச் சமமாகப் பெற்ற நான்கு படங்களுள் லத்தலாந்தும் ஒன்று. அதனுடன் அவ்விடத்தைப் பகிர்ந்துகொண்ட மற்றொன்று நம் நாட்டுச் சத்யஜித் ராயின் பாதேர் பாஞ்சாலி என்பது நமக்கு உவகை தருவதாம்.

விகோவின் சரிதத்தை நாம் எண்ணுந்தோறும் ஒரு செய்தி நம் மனத்தில் முன்னிற்கின்றது. பள்ளியிலே தன் பெயரை மறைத்து வாழ்ந்த சிறுவன் ஒருவன், பின் தன் பெயரால் ஒரு பரிசு வழங்கப்படும் நிலையை எய்தினான். எனினும் அதனை அவன் அறிந்தானில்லை. பயனைக் காணாமலே செய்து முடித்த வேலை அது. வெட்டுவோரையும் தடுப்போரையும் முன்னரே எண்ணியிருப்பின், அவர் குளிரில் படகின்மேல் நின்றிரார். வீட்டில் உடலைப் பேணியிருப்பின் சில ஆண்டு கூடுதலாக வாழ்ந்திருத்தலும் கூடும். அவ்வாறு செய்யாதது அறிவுடைமையோ என்று வினவுவார்க்கு நம்மிடம் எளிய விடையில்லை. இளம் மனைவியையும் பச்சிளங் குழந்தையையும் விட்டுச் சென்றமை சிறு விலையன்று. அவ்விலையில் பெரும்பகுதியைக் கொடுத்தவர் லிடுவே. அதனையும் மறவாது கூறுதல் சரிதம் எழுதுவோர் கடன் எனக் கருதுகின்றோம்.

நீரிலே விளையாட்டாகத் தேடியவனுக்கு முகம் தோன்றவில்லை. உயிரையும் பொருட்படுத்தாது குதித்தவனுக்குத் தோன்றிற்று. லத்தலாந்து என்னும் படத்தின் உட்பொருள் இதுவாயின், அதனைச் செய்தவரின் வாழ்க்கைக்கும் உட்பொருள் இதுவே. நம் கல்லூரிச் சலனப்படக் கழகத்தார் என்றேனும் இப்படத்தை வருவித்துக் காட்டுவாராயின், அன்று ஒரு மாலைப் பொழுதை அதற்கென ஒதுக்குமாறு மாணவ நண்பர்களையும் பழைய மாணவர்களையும் வேண்டிக்கொள்கின்றோம். ஒன்றரை மணி நேரமே அது ஓடும். அதற்கெனக் கொடுக்கப்பட்ட விலையை அறிந்தவராய் அமர்ந்து காண்பார்களாக.